நீலப்பருந்தும் சித்தப்பாவும் இருந்த ஜெயில்

முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து ஐந்தாம் வகுப்பில் எங்கே நின்றதோ அங்கேயேதான் இன்றும் நிற்கிறது. ஒரு பக்கம் முழுக்கப் பேனா பிடித்து எழுதிப் பல வருடங்கள் ஆகின்றன. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் அப்போதும் அடி வாங்கினேன், இப்போதும் சந்தேகம்தான். என் மகள் பிழை திருத்தி, போனில் அடித்து, நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியது ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் குரூப்பில் சைக்கிள் கடைக்காரர் மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான். “நீலப்பருந்து காமிக்ஸ் யாருக்காவது ஞாபகம் இருக்கா? வெளிநாட்டு ஜெயில்ல மாட்டிக்குவானே, அப்புறம் இன்னா ஆச்சு?” உடனே ஆளுக்கு ஒன்று எழுதினீர்கள். தப்பித்துவிட்டான் என்று ஒருவன். செத்துப்போனான் என்று ஒருவன். அந்தப் புத்தகம் இவனிடம்தான் இருந்தது என்று இன்னொருவன் எழுதி, என் பேரைப் போட்டுக் கூப்பிட்டிருந்தான். நான் பார்த்தேன். பதில் போடவில்லை. எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட ‘உள்ளேன் ஐயா’ என்பது எனக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் அந்தக் கேள்வி மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. அவர் சவுதிக்குப் போன அன்று, பம்பாய் ரயில் ஏற்றிவிட எல்லோரும் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அப்பா, அம்மா, சித்தி, சித்தியின் இடுப்பில் அவர்கள் மகள், என் தங்கச்சி. இடுப்பில் உட்காரும் வயது தாண்டிவிட்டது, ஆனாலும் அன்றைக்கு இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள். சித்தப்பா புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். அப்பா திரும்பத் திரும்ப, “பாஸ்போர்ட்ட பத்திரமா வெச்சிக்கோ” என்றார். அம்மா, “தண்ணி மாத்தி மாத்திக் குடிக்காதப்பா” என்றாள்.

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்துப் புத்தகக் கடைக்குப் போனார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அட்டையைப் பார்த்துத்தான் எடுத்தார். நீலப் போர்வை போர்த்திய ஒரு ஆள், இரண்டு கையிலும் சங்கிலி, பின்னால் கம்பி. அச்சடித்தவர் அவசரத்தில் இருந்தார் போல, நீல நிறம் போர்வையின் கோட்டைவிட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது.

“இந்தா. நீ படிச்சி, பாப்பாவுக்கும் கதை சொல்லு. நான் வந்து கேப்பேன்.”

“எப்ப வருவீங்க சித்தப்பா?”

“நீ இத மனப்பாடம் பண்றதுக்குள்ள வந்துடுவேன் போடா.”

ரயில் கிளம்பியது. சித்தி கையை ஆட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பெட்டி போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தின் கதை உங்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். எனக்கு முழுக்கத் தெரியும். நீலப்பருந்து ஒரு நல்ல காரியமாகக் கடல் கடந்து போகிறான். அந்த நாட்டில் அவனை ஏமாற்றிப் பிடித்து, போர்வையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். போர்வை இல்லாவிட்டால் அவனுக்குப் பறக்கும் சக்தி கிடையாது, நம்மைப் போல ஆள்தான். கடலுக்கு நடுவில் ஒரு பாறை, அதன்மேல் ஜெயில். கடிதம் எழுதக் கூடாது. காவல்காரன் ஒவ்வொரு தடவையும் “கிராதகா!” என்றுதான் கூப்பிடுவான். இந்தப் பக்கம் அவனுடைய ஊரில் சந்தைக்கு வந்த ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள்: “நீலப்பருந்து நம்மைக் கைவிட்டு ஓடிவிட்டான்!” கடைசிப் பக்கத்தில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்க்கிறான். கீழே, ‘அடுத்த இதழில் முடியும்.’

அந்த அடுத்த இதழ் ஆம்பூருக்கு வரவேயில்லை. பஸ் ஸ்டாண்டு பங்க் கடைக்காரரிடம் நானும் நீங்களும் மாறி மாறிப் போய் நின்றோம். “டேய், நான் இன்னா அச்சடிக்கிறேனா? போங்கடா பேஜார் பண்ணாம,” என்று விரட்டினார். அந்த இதழ் வந்ததா, வராமலே போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சைக்கிள் கடைக்காரர் மகன் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வெயில் காலம் முழுக்க விளையாடினோம். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் குரோம் ஊறிய தோலை வெட்டிக் கழித்த துண்டுகளைக் கொட்டியிருப்பார்கள். வானத்தை வெளுத்துப் பிழிந்த மாதிரி இளம் நீலம், ஈரம், தொட்டால் பச்சைத் தவளையைத் தொட்டது போலச் சில்லென்று இருக்கும். அதில் பெரிய துண்டாகப் பொறுக்கி முதுகில் போட்டு, கழுத்தில் சணல் கட்டினால் நீலப்பருந்து. சின்னத் துண்டில் இரண்டு ஓட்டை போட்டால் முகமூடி. சாயங்காலம் எல்லோர் கழுத்திலும் சொறி. சைக்கிள் கடைக்காரர் மகன் சுண்ணாம்புத் தொட்டிச் சுவரிலிருந்து ‘பறந்து’ முட்டியைப் பெயர்த்துக்கொண்டது அப்போதுதான். அந்தத் தோல் நாற்றத்தில்தான் நாம் சோறு தின்றோம், தூங்கினோம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பிடித்தால் எதற்கு என்று நமக்குப் புரியாது.

நான் தங்கச்சிக்குத் தினமும் கதை படித்துச் சொன்னேன். அவளுக்கு அந்த ‘கிராதகா’ மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக் கோழியைக் கிராதகா என்றாள். பால்காரரை ஒருநாள் கிராதகா என்று சொல்லி, சித்தியிடம் ஒரு தட்டு வாங்கினாள்.

இப்போது கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தெருவில் யார் வீட்டில் ஆள் வெளிநாட்டில் இருந்தாலும், கடிதம் குறைவு, கேசட்தான் ஜாஸ்தி. எழுதவும் படிக்கவும் இன்னொருத்தரைத் தேட வேண்டாமே. அங்கிருப்பவர் பேசி அனுப்புவார். லீவில் வரும் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் கேட்டு முடித்ததும், அதே கேசட்டிலேயே நாம் பேசித் திருப்பி அனுப்புவோம். பாட்டுக் கேசட்டில் பேச வேண்டுமென்றால் மேலே இருக்கும் சின்னப் பள்ளத்தைக் காகிதம் வைத்து அடைத்துவிட்டால் போதும், பழைய பாட்டு அழிந்து நம் குரல் ஏறும். நம் பேச்சு முடிகிற இடத்திலிருந்து பழைய பாட்டு மறுபடி வரும். அழுது முடித்த அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஒரு டூயட் வரும். யாரும் சிரிக்கமாட்டார்கள். பழக்கமாகிவிட்ட விஷயம் அது.

டேப் ரெக்கார்டர் எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு பாய் வீட்டில் இருந்தது. பாயும் அப்பாவும் ஒரே ஷாப்பில் வேலை, சின்ன வயதிலிருந்து தோஸ்த். பாயின் மச்சினர் ஜித்தாவில் இருந்தார். சித்தப்பாவின் முதல் இரண்டு கேசட்டும் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில்தான் கேட்டோம். ஒட்டகத் தோலுக்கு உப்புப் போடும் வேலை என்று சொல்லியிருந்தார். “ஒரு தோல தூக்கறதுக்கே நாலு ஆளு வேணும்ணா” என்று சிரித்தார்.

மூன்றாவது கேசட்டை வாணியம்பாடிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று சித்தியின் அண்ணனும் மாதனூரிலிருந்து வந்திருந்தார். பொழுது சாய்கிற நேரம், பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பாயின் மருமகள்தான் பட்டனை அழுத்தினாள். புதுப்பெண். தலையில் முக்காடு. ஆண்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள்.

“அண்ணா, அண்ணி, எல்லாரும் நல்லா கீறீங்களா? நான் நல்லா கீறேன்.” குரல் முன்பு போல இல்லை, களைத்திருந்தது. இடம் மாறப்போவதாகவும், கொஞ்ச நாள் தகவல் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு சித்தியிடம், “தே, வேளா வேளைக்கி சாப்புடு. எனக்குத் தெரியும் நீ சாப்புட மாட்ட” என்றார். தங்கச்சியைக் கொஞ்சினார். கடைசியாக, “டேய் பையா, நம்ம ஆளு ஜெயில்லேந்து தப்பிச்சானா இல்லியா?” என்றார். நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போனேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ‘டக்’. கொஞ்ச நேரம் இரைச்சல். மருமகள் நிறுத்தக் கை நீட்டினாள்.

அதற்குள் ஒரு பெண் குரல் வந்தது. தெலுங்கு.

“ஏவண்டி, எப்புடு வஸ்தாரு? பாப்ப அடுகுதுந்தி.” பின்னாலேயே ஒரு குழந்தை, “நானா! நானா!” என்று கத்தியது. அந்தப் பெண் சிரித்தாள். சொந்தப் புருஷனிடம் சிரிக்கிற சிரிப்பு.

நம் ஊரில் தெலுங்கு தெரியாதவர் யார்? எப்போது வருவீர்கள், பாப்பா கேட்கிறாள். நானா என்றால் அப்பா. எல்லோருக்கும் புரிந்தது. சித்தியின் அண்ணன் எழுந்து, “போதும், நிறுத்துமா” என்றார். தங்கச்சி மட்டும், “யாரும்மா அது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பெண் கேட்டது என்ன? எப்போது வருவீர்கள் என்றுதானே? கூடவே இருக்கிறவள் எதற்கு எப்போது வருவீர்கள் என்று கேட்கப்போகிறாள்? அந்த ஒரு கேள்வியைப் பெரியவர்களில் ஒருவர்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. கேசட் என்பது பலர் வாயிலிருந்தும் வந்து போகும் பொருள் என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்த விஷயம் அந்த நேரத்தில் யாருக்கும் வேலைக்கு ஆகவில்லை. குரலைத்தான் கேட்டார்கள், சொல்லைக் கேட்கவில்லை.

பாய் வந்ததும், “இன்னா தோஸ்த், தம்பி இன்னா சொல்றான்?” என்றார். அப்பா, “நல்லா கீறானாம்” என்று மட்டும் சொன்னார். கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பரணில் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். விஷயம் தெரிந்திருந்தால் சொல்லக்கூடிய ஒரே ஆள் பாய். அவரிடம்தான் மறைத்தார்.

அதற்குப் பிறகு சித்தப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேசட் இல்லை, ஆள் வழியாகச் சேதி இல்லை. வீட்டில் பேச்சுக் குறைந்தது. சித்தி வேலை மட்டும் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் அப்பாவிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பேசுவாள்.

“மாமா, எதுவா இருந்தாலும் அவரையே ஒரு தடவ கேட்டுடுங்களேன். அவர் வாயால சொல்லட்டும். நான் இருக்கேன்.”

“எங்கன்னு போய் கேக்கறது?” என்றார் அப்பா.

அந்த வாரமே பாய் தானாக வந்தார். “தோஸ்த், தம்பி கிட்டேந்து தகவலே இல்லியாமே. வீட்ல சொன்னாங்க. என் மச்சான் கிட்ட சொல்லி விசாரிக்கட்டுமா? அங்க நம்மாளுங்க சங்கம்லாம் கீது. பேரு, முதலாளி பேரு ரெண்டு தெரிஞ்சா போதும்.”

அப்பா உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “வேணாம் பாய்.”

“கேக்கறதுல இன்னா?”

“வேணாம்னா வேணாம். நம்ம வூட்டு மானம் எதுக்குக் கடல் தாண்டிப் போவணும்?”

பாய் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அன்று அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

தங்கச்சிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் அவள் என்னிடம் கேட்டாள். “அண்ணா, அப்பா ஏன் பேசல?” எனக்கு அந்தப் புத்தகத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. கடல் தாண்டிப் போன நல்லவன் ஒருவன் பேசாமல் இருந்தால் அவன் ஜெயிலில் இருக்கிறான். ஊரில் அவன் ஓடிவிட்டதாகப் பேசுவார்கள், ஆனால் அவன் ஓடவில்லை. எனக்கு அது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. “ஒங்கப்பாவ ஜெயில்ல வெச்சிருக்காங்க. பேச விடல. அதான்” என்றேன். அவள் முகம் தெளிந்தது. அப்பா தன்னை மறக்கவில்லை என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அவளை வம்புக்கு இழுத்திருக்கிறார்கள். “இன்னாடி, ஒங்கப்பன் ஒனக்குத் தெலுங்குத் தங்கச்சி வாங்கியாரப் போறானாமே?” எப்படியோ பேச்சு தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. தங்கச்சி குடத்துப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, “எங்கப்பா ஜெயில்ல இருக்காரு! ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கிராதகிங்களா!” என்றாளாம்.

சாயங்காலத்துக்குள் மாதனூர் வரை போய்விட்டது. சித்தியின் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“இன்னா மச்சான், புள்ளைக்கி இன்னா சொல்லிக் குடுத்து வெச்சிகினு கீறீங்க? வேற பொம்பளன்னாகூட ஆம்பள பண்ண தப்புன்னு போயிடும். ஜெயிலுன்னு பேரு வந்தா நாளைக்கி இந்தப் பொண்ண எவன் வந்து கட்டுவான்?”

அப்பா என்னை இழுத்துவந்து நடு வீட்டில் நிறுத்தினார். “யார்ரா சொன்னது ஜெயிலுன்னு?”

நான் புத்தகத்தை நீட்டினேன். நான் யோசித்ததையெல்லாம் விளக்கிச் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. “ஓடலப்பா. ஜெயில்லதான் இருக்காரு” என்பது மட்டும்தான் வந்தது. அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. தோலை அடித்துப் பழகிய கை அது. அம்மா நடுவில் வந்து விழுந்து, “விடுங்க, குழந்த இன்னாத்த கண்டுச்சி” என்று கத்தினாள். புத்தகம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. அட்டை மட்டும் சீக்கிரம் எரியவில்லை. நீலம் பச்சையாகி, பச்சை கறுப்பாகி, சுருண்டது.

சித்தி இதையெல்லாம் கதவுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடித்தபோது அவள் பார்த்த பார்வை கோபப் பார்வை இல்லை. ஒருவேளை இருக்குமோ என்ற பார்வை. அன்று அது எனக்குப் புரியவில்லை. அவள் ஒரே ஒருத்திதான் என்னை நம்பினாள் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அவளைக் கேட்டது யார்?

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினார்கள். பேசித் தீர்த்துவிட்டார்கள் என்றுதான் நம் பக்கத்தில் சொல்வோம். சித்தி மாதனூருக்குப் போனாள். துணி மூட்டை, ஒரு பித்தளைக் குடம், தங்கச்சி. தங்கச்சி பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து, “அண்ணா, அப்பா வந்தா நான் மாதனூர்ல இருக்கேன்னு சொல்லு” என்றாள். சித்தி அங்கே ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு, மனைவியை இழந்த ஒரு மேஸ்திரிக்கு அவளைக் கட்டிவைத்ததாகக் கேள்விப்பட்டோம். அம்மா அன்று உலை வைக்கவில்லை.

நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீங்கள் பலர் மேலே படிக்கப் போனீர்கள். நான் அப்பாவோடு ஷாப்புக்குப் போனேன். அரும்பு மீசை வந்த சமயம், ஒரு நாள் மதியச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வருகிறேன், கேட்டுக்கு எதிரே புளிய மரத்தடியில் ஒரு ஆள். கையில் பிளாஸ்டிக் பை. காலில் இரண்டு விதமான செருப்பு. அவர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் வந்த அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா.”

அப்பா கையிலிருந்த தூக்குச் சட்டி விழுந்தது.

சித்தப்பா ஜெயிலில்தான் இருந்தார். முதலாளி பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு சம்பளமும் கொடுக்கவில்லை. இவர் வேறு இடம் தேடிப் போக, திருடிக்கொண்டு ஓடிவிட்டதாக அந்த ஆள் எழுதிக் கொடுத்துவிட்டான். பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு ரம்ஜானுக்குக் கொஞ்சம் பேரை விடுதலை செய்தபோது இவரும் வெளியே வந்தார். இதையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, ஏதோ பஸ் தவறிப்போனதைச் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “எங்க அவங்க?”

அம்மாதான் சொன்னாள். அப்பாவால் முடியவில்லை. அம்மா கேசட்டைப் பற்றிச் சொன்னபோது சித்தப்பாவுக்குப் புரியவேயில்லை. “பொம்பளையா? எந்தப் பொம்பள?” பரணிலிருந்து கேசட்டை எடுத்து, பாய் வீட்டுக்குப் போனோம். இந்த முறை பாய் இருந்தார். கேசட் ஓடியது. தன் குரலையே தலை குனிந்து கேட்டார். ‘டக்’ வந்தது. இரைச்சல். ஏவண்டி, எப்புடு வஸ்தாரு.

சித்தப்பா நிமிர்ந்தார். “இது கடப்பாக்காரன் சம்சாரம். என் ரூம்ல இருந்தானே, அவனுக்கு அவங்க வூட்லேந்து பேசி அனுப்பின கேசட்டு. எங்கிட்ட கேசட்டு இல்லன்னு அவன்தான் குடுத்தான், இதுலயே பேசிக்கடான்னு.” ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “இதுக்கா?”

பாய் அப்பாவைப் பார்த்தார். “எங்கிட்ட ஏன் தோஸ்த் சொல்லல?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். பாயின் மருமகள் பல வருடம் கழித்து என் மனைவியிடம் சொன்னாளாம்: “எனக்கு அன்னிக்கே தோணுச்சு, பழசு பேசுதுன்னு. அத்தனை ஆம்பளைங்க நடுவுல நான் எப்பிடி வாயத் திறக்கறது?”

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா மாதனூருக்குக் கிளம்பினார். அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போக வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றார் சித்தப்பா. கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொள்ளும் இடத்துக்கு எதிரே, ஒரு டீக்கடையில் நின்றோம். சித்தி வந்தாள். கையில் டிபன் டப்பா, கழுத்தில் கம்பெனி அட்டை. கூட்டத்தோடு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவும் ரோட்டைத் தாண்டவில்லை. பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் போனது.

“தங்கச்சிய பாக்கலாமா சித்தப்பா? ஸ்கூல் பக்கத்துலதான்.”

“வேணாம்டா. அது இப்ப வேற வூட்டுப் புள்ள.” டீயை முழுக்கக் குடித்தார். பிறகு, “நீ சொன்னியாமே, நான் ஜெயில்ல இருக்கேன்னு. அண்ணி சொன்னாங்க. எப்பிடிடா தெரிஞ்சுது?” என்றார்.

“நீங்க வாங்கிக் குடுத்த புக்குல...”

சிரித்தார். வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. “அந்த ஜெயில்ல ஜன்னல் இருந்துச்சா?”

“இருந்துச்சு. கடல் தெரியும்.”

“பரவால்லியே,” என்றார்.

நான் சொன்னது சரியாகப் போயிற்று என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தோஷம் வந்ததில்லை. சரியாகச் சொல்லி என்ன ஆயிற்று?

அன்று சாயங்காலம் சித்தப்பா, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அங்க வாரத்துக்கு ஒருக்கா ஒருத்தன் வருவாண்ணா. பேப்பர் வெச்சிகினு பேரு கூப்புடுவான். ஊர்லேந்து யாராவது கேட்டிருந்தா உள்ள கீறவன் பேரு வரும். பேரு வந்துச்சின்னா கேஸ சீக்கிரம் பாப்பாங்க. மலையாளத்தான், வங்காளத்தான், எல்லாருக்கும் வந்துச்சி. அவன் வர்ற நாளைக்கி நான் மூஞ்சி கழுவிட்டு, சட்டைய உதறிப் போட்டுகினு, முன்னால போய் உக்காந்துக்குவேன்.” அப்பா பக்கம் திரும்பினார். “யாராவது கேட்டிருக்கலாம்ணா.”

அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டுப் பிள்ளையிடமிருந்து தகவல் நின்றாலும், முதல் ஆளாக அப்பா போய் நிற்பார். “கேளுங்க. மானம் கீனம்னு உக்காராதீங்க. எழுதிப் போடுங்க.” சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. ஊருக்கெல்லாம் கேட்டார். தம்பியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு இருக்கும் கூச்சம் அவரிடமிருந்து வந்ததுதான் போலிருக்கிறது. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறார். தங்கச்சிக்கு விவரமெல்லாம் தெரியும். பொங்கலுக்குப் போன் செய்வாள். “சாப்டீங்களா? உடம்பு எப்பிடி கீது?” என்று மரியாதையாகக் கேட்பாள். அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. பேசி முடித்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

போன வாரம் அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெரிய ஹால், நூறு பேருக்கு மேல் இருக்கும். ஒரு நர்ஸ் வாசலில் நின்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்குக் காது மந்தம். ஒவ்வொரு பேருக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். “நம்ம பேரு இல்ல சித்தப்பா. உக்காருங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர் எத்தனை வாரம் இப்படி நிமிர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று.

கடைசியில் அவர் பேர் வந்தது. நான் எழுந்து நின்று, ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, “இருக்காரு! இங்க இருக்காரு!” என்று கத்தினேன்.

இதை எழுதியது ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூர்.